ஆய்வு மாணவர்களுக்கு ஏ.ஐ. கருவிகளை எடைபோடச் சொல்லித்தரும் நூலக வகுப்பு: 90 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

புத்தகத்தட்டு (கேள்வி)

வணக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் முதலாண்டு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஏ.ஐ. பற்றி ஒரு வகுப்பு. மொத்தம் 40 பேர், 90 நிமிடம், கணினிக் கூடத்தில் 20 கணினி. பாதிப் பேர் அறிவியல் துறைகள். மீதிப் பேர் தமிழ், வரலாறு, வணிகவியல், கொஞ்சம் சட்டம்.

"ஏ.ஐ. என்றால் என்ன, நன்மைகள், தீமைகள், நன்றி வணக்கம்" என்று 60 ஸ்லைடு ஓட்டுவதில் விருப்பமில்லை. எல்லோரும் ஏற்கெனவே சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி என்று ஏதோ ஒன்றைத் தினமும் திறக்கிறவர்கள்தான். அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவர்களே பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் வர வேண்டும்.

நான்கு சந்தேகம்:

1. கையால் செய்துபார்க்கிற மாதிரி நல்ல பயிற்சி எது?
2. இணையதளங்களை மதிப்பிடச் சொல்லித்தரும் "கிராப்" சோதனை (காலம், பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம்) ஏ.ஐ. விடைக்கும் பொருந்துமா?
3. நூலகம் "பரிந்துரைக்கும் ஏ.ஐ. கருவிகள்" என்று பட்டியல் போடலாமா?
4. ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கச் சொல்லி நெறியாளர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

---

குறிப்புதவி_மேசை

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். அதற்கே பக்கம் போதாது.

மேற்கோள் சரிபார்ப்பு வையுங்கள். ஏ.ஐ. செய்கிற தவறுகளில் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டக்கூடியது அதுதான். பிடிக்க வேண்டிய சாமான் முழுக்க நூலகத்திடம் இருக்கிறது.

20 கணினி, கணினிக்கு இருவர். ஒவ்வொரு ஜோடியும் தங்கள் ஆய்வுத் தலைப்பில் "கடந்த பத்தாண்டில் வந்த 5 ஆய்வுக் கட்டுரைகள், ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம், டி.ஓ.ஐ. எல்லாம் வேண்டும்" என்று கேட்கட்டும். 20 ஜோடி, ஜோடிக்கு 5 என்றால் மொத்தம் 100 மேற்கோள். கடைசியில் பலகையில் எண்ணும்போது எண்ணிக்கையே சதவீதமாக வந்துவிடும், கணக்குப் போட வேண்டியதில்லை. பத்து ஜோடி இணையத் தேடலை அணைத்துவிட்டுக் கேட்கட்டும், பத்து ஜோடி தேடலோடு கேட்கட்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இனி சரிபார்ப்பு. ஒரு மேற்கோளுக்கு 8 நிமிடம் ஒதுக்குங்கள். வரிசை முக்கியம்.

முதலில் டி.ஓ.ஐ., அதாவது கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண். அது 10 என்று தொடங்கும், ஒரு புள்ளி, பதிப்பாளர் எண், சாய்கோடு, பிறகு கட்டுரைக்கு உரிய பகுதி. டி.ஓ.ஐ. அமைப்பின் தளத்தில் ஒட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும்: அப்படி ஒன்று இல்லை என்று வரும், சரியான கட்டுரை திறக்கும், அல்லது சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை திறக்கும். மூன்றாவதில்தான் ஏமாறுவார்கள். "லிங்க் வேலை செய்யுது சார்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். திறந்த பக்கத்தின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடச் சொல்லுங்கள்.

டி.ஓ.ஐ. இல்லையென்றால் உடனே போலி என்று முத்திரை குத்தக் கூடாது. தமிழ் இதழ்கள் பலவற்றுக்கு டி.ஓ.ஐ. கிடையாது. கிராஸ்ரெஃப் தேடலில் வராததும் முடிவான ஆதாரம் இல்லை, டி.ஓ.ஐ. வழங்கும் அமைப்புகள் வேறும் உண்டு. அப்போது இதழின் தளத்துக்குப் போய் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறக்க வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஆண்டுக்கு ஒரு தொகுதி போடும் இதழ் 1990ல் தொடங்கியது என்றால் 2015ல் தொகுதி 26 ஆக இருக்க வேண்டும். மேற்கோளில் 41 என்று இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம்.

கூகுள் ஸ்காலரில் தலைப்பு வந்துவிட்டது என்பதும் சான்று ஆகாது. இதை அழுத்திச் சொல்லுங்கள். முன்னால் அடைப்புக்குறிக்குள் "சைட்டேஷன்" என்று போட்டு, சொடுக்க முடியாமல் நிற்கும் பதிவுகள் உண்டு. யாரோ தன் கட்டுரையின் நூற்பட்டியலில் அப்படி எழுதியிருக்கிறார் என்பதே அதற்குப் பொருள். ஏ.ஐ. தந்த போலி மேற்கோளை ஒருவர் சரிபார்க்காமல் அச்சில் ஏற்றினால், அடுத்தவருக்கு ஸ்காலரில் அது "கிடைக்கும்". பொய்க்குச் சாட்சி தயார்.

புத்தகம் என்றால் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கத்தையும் இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எண் தவறு. வகுபட்டால் சரி என்று சொல்லிவிட முடியாது, வாய்க்கு வந்த எண்ணும் பத்தில் ஒரு தடவை தேறிவிடும். இந்தியப் பதிப்பகம் என்றால் 978க்கு அடுத்து 81 அல்லது 93 வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆய்வேடு என்றால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தலைப்பு, பல்கலைக்கழகம், நெறியாளர் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ஆனால் எல்லா ஆய்வேடும் அங்கே ஏறிவிடவில்லை.

இத்தனையும் தாண்டி வந்த மேற்கோளுக்குத்தான் உண்மையான சோதனை: ஏ.ஐ. சொன்னது அந்தக் கட்டுரையில் இருக்கிறதா? முழுக்கட்டுரையைத் திறந்து அந்த வாக்கியத்துக்கு ஆதாரமான பத்தியை விரல்வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்தி கிடைக்கும், ஆனால் "எலிகளில்" என்பது விடுபட்டிருக்கும். "தொடர்பு இருக்கலாம்" என்பது "காரணம்" ஆகியிருக்கும். அறிமுகப் பகுதியில் வேறொருவர் கருத்தை மறுப்பதற்காக எடுத்து எழுதியது இந்த ஆசிரியரின் முடிவாக வந்திருக்கும். மாணவர்கள் வாயடைத்துப் போகிற இடம் இதுதான், ஏனென்றால் இதுவரை எல்லாப் பெட்டியிலும் சரி போட்டிருப்பார்கள்.

கடைசியாக, திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று ஒரு பார்வை. ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023 செப்டம்பரில் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. மேற்கோள்களைத் தொகுத்துவைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் மேற்கோளைச் சேர்த்தாலே திரும்பப் பெற்றதற்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். ஏ.ஐ. அதைச் சொல்லாமல் விடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

பலகையில் ஐந்து பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: இல்லவே இல்லை / விவரம் கலப்படம் / வேறு கட்டுரை திறக்கிறது / கட்டுரை உண்டு, சொன்னது அதில் இல்லை / முழுக்கச் சரி. நான்காவது பத்தியை வைத்து மட்டுமே அரைமணி நேரம் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே வளாக இணைப்பிலிருந்து 20 பேர் ஒரே நேரத்தில் இலவசக் கணக்கில் புகுந்தால் பாதியில் வரம்பு முடிந்ததென்று நிற்கும், கைப்பேசிக்கு ஓ.டி.பி. கேட்கும். முதல்நாளே பத்து விடைகளைத் தேதி, நேரம், கருவியின் பெயர், பதிப்பு எல்லாம் போட்டு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போனாலும் வகுப்பு போகாது.

---

அட்டவணையாளர்

இரண்டாம் கேள்விக்கு: பொருந்தாது. கிராப் 2004ல் கலிஃபோர்னியாவில் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது. ஒரு பக்கம், அதற்கு ஓர் ஆசிரியர், ஒரு தேதி என்று இருந்த காலம். ஏ.ஐ. விடையை அதில் போட்டுப் பாருங்கள். காலம்: இன்று. பொருத்தம்: நூற்றுக்கு நூறு, நீங்கள் கேட்டதற்காகவே எழுதியது. ஆசிரியர்: யாருமில்லை. துல்லியம்: அதைத்தானே கண்டுபிடிக்க வந்தோம். நடை சுத்தமாக, தடுமாற்றம் இல்லாமல் இருப்பதால் மேலோட்டமாகப் பார்க்கிறவர் நல்ல மதிப்பெண்ணே போடுவார்.

இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் மைக் கால்ஃபீல்ட் சொல்லும் "சிஃப்ட்" முறை கைகொடுக்கும்: நில், யார் என்று விசாரி, வேறு இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார், மூலத்துக்குப் போ. விடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் இன்னொரு தாவலைத் திறந்து வெளியே போகச் சொல்கிறது. மேலே குறிப்புதவி மேசை சொன்னது முழுக்க அந்த நான்காவது படிதான்.

விடையை விட்டுவிட்டுக் கருவியையே எடைபோட வேண்டுமென்றால் மெக்கில் பல்கலைக்கழக நூலகர்கள் இருவர் 2020ல் வகுத்த "ரோபாட்" சோதனை இருக்கிறது: நம்பகம், நோக்கம், சாய்வு, உரிமையாளர், வகை. சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே எழுதியது, இன்னும் பழுதில்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அதே கருவியிடம் "இது உண்மைதானா?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. சட்ட மாணவர்களுக்கு 2023ல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் இல்லாத தீர்ப்புகளைக் காட்டி மனு போட்டார்கள். சந்தேகம் வந்தபோது அவர்களில் ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். ஆமாம், உண்மையான வழக்குதான் என்று அது சொன்னது. 5,000 டாலர் அபராதம்.

---

சுவடிப்பெட்டி

தமிழ், வரலாறு மாணவர்களுக்கு டி.ஓ.ஐ. பயிற்சி பாதிதான் பயன்படும். அவர்களுக்குத் தனியாக நாலு தூண்டில் தயார்செய்து வையுங்கள். விடை நமக்கு ஐயமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும், அச்சுப் பிரதி மேசையில் இருக்க வேண்டும்.

திருக்குறள் இதற்கு நல்ல அளவுகோல், எண்ணிக்கை கட்டுக்கோப்பானது என்பதால். குறள் எண்ணைப் பத்தால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் அதிகார எண் வந்துவிடும். "மெய்ப்பொருள் காண்ப தறிவு என்று முடியும் குறள் எது, எந்த அதிகாரம்?" என்று கேளுங்கள். அப்படி முடிபவை இரண்டு. 355, "எத்தன்மைத் தாயினும்" என்று வருவது, 36ஆம் அதிகாரம் மெய்யுணர்தல். 423, "யார்யார்வாய்க் கேட்பினும்" என்று வருவது, 43ஆம் அதிகாரம் அறிவுடைமை. ஒன்றை மட்டும் சொல்கிறதா, ஒன்றின் முதலடிக்கு மற்றதன் எண்ணைப் போடுகிறதா, இரண்டையும் பிரித்துச் சொல்கிறதா என்று பாருங்கள். யாராவது "உரையாசிரியருக்கு உரையாசிரியர் குறள் வரிசை மாறுமே" என்று கேட்டால் அந்த மாணவருக்குச் சபாஷ் போடுங்கள். அதிகாரத்துக்குள் வரிசை மாறுவது உண்மை, இன்று புழங்கும் எண் பரிமேலழகர் வரிசைப்படியானது.

அடுத்தது இல்லாத பொருளைக் கேட்பது. "புறநானூறு 267ஆம் பாடலையும் உரையையும் தருக." 267, 268 இரண்டும் கிடைக்காமல் போன பாடல்கள். ஐங்குறுநூற்றில் 129, 130 அப்படியே. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. கிடைக்கவில்லை என்று சொன்னால் கருவி தேறியது. திணை, துறை, பாடியவர் எல்லாம் போட்டு ஆசிரியப்பா மாதிரி ஒன்றை இயற்றித் தந்தால், அதைப் பெரிய திரையில் போட்டு வகுப்போடு சேர்ந்து வாசியுங்கள். சங்கச் சொற்களை அள்ளித் தெளித்திருக்கும், சீர் பிரித்துப் பார்த்தால் குட்டு உடையும்.

ஆனால் இந்தத் தூண்டில்கள் பழகிப்போகும். 267 கிடைக்கவில்லை என்ற தகவலே இணையத்தில் பல இடங்களில் இருப்பதால் தேடலோடு இணைந்த கருவி சரியாகச் சொல்லிவிடலாம். வகுப்புக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். சரியாகச் சொன்னால் உங்கள் அலமாரியில் மட்டுமே இருக்கும் ஒன்றுக்கு மாறுங்கள்: பழைய சிற்றிதழ் ஒன்றின் பொருளடக்கம், உள்ளூர்க் கல்வெட்டுத் தொகுப்பின் ஒரு பக்கம், உங்கள் பல்கலைக்கழகத்தில் தட்டச்சில் சமர்ப்பித்த எம்.ஃபில். ஆய்வேடு. இணையத்தில் ஏறாத தமிழ் எவ்வளவு என்பது அப்போது உறைக்கும்.

இதைவிட அன்றாடத்தில் கெடுதல் செய்வது பி.டி.எஃப். விவகாரம். தமிழ் பி.டி.எஃப். ஒன்றை ஏற்றிச் "சுருக்கிக் கொடு" என்கிறார்கள். அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. ஸ்கேன் செய்த ஆய்வேடு என்றால் உள்ளே எழுத்தே இல்லை, வெறும் படம். சில கருவிகள் பக்கத்தைப் படமாகவே பார்த்துப் படித்துக்கொள்ளும். மற்றவை கோப்பின் பெயரையும் தப்பிப் பிழைத்த நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு முழுச் சுருக்கம் எழுதிவிடும், அதுவும் நம்பும்படியாக.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். பி.டி.எஃப்.பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. குப்பையாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, முதலில் எழுத்துரு மாற்றியோ எழுத்துணரியோ (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓ.சி.ஆர்.) வேண்டும். பிறகு "47ஆம் பக்கத்தின் இரண்டாம் பத்தியை அப்படியே எழுது" என்று கருவியிடம் கேட்டு ஒப்பிடுங்கள். எழுத்துணரி ழ, ள, ல விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

---

புத்தகத்தட்டு

மிக்க நன்றி. குறள் 355 / 423 பயிற்சியைக் கட்டாயம் வைக்கிறேன்.

ஒரு துணைக் கேள்வி. அறிவியல் துறையினர் "நாங்கள் சாட்ஜிபிடி பயன்படுத்துவதில்லை, எலிசிட், கன்சென்சஸ், ஸ்கோபஸ் ஏ.ஐ. மாதிரி உண்மையான கட்டுரைகளைத் தேடி எடுத்துத் தருகிற கருவிதான். இதில் கற்பனை மேற்கோள் பிரச்சினையே இல்லை" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன வைப்பது?

---

மின்வளப்_பிரிவு

அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டுரை உண்மையானதாகத்தான் இருக்கும். மேலே சொன்ன நான்காவது பத்தி மட்டும் அப்படியே நிற்கும்: கட்டுரை உண்டு, சொன்னது அதில் இல்லை. சட்டத் துறையில் பெரிய நிறுவனங்கள் கட்டணத்துக்குத் தரும் இத்தகைய கருவிகளை 2024ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது 17 முதல் 33 சதவீதம் வரை விடைகளில் புனைவு இருந்தது. மூலத்தைத் தேடி எடுத்த பிறகும் அதிலிருந்து வாக்கியம் அமைப்பது சாட்ஜிபிடியை இயக்குவது போன்ற மொழி மாதிரிதான், தப்பு நுழைவது அங்கே.

இவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் கருவி எந்தக் குளத்தில் மீன் பிடிக்கிறது? எலிசிட்டும் கன்சென்சஸும் செமான்டிக் ஸ்காலர் தரவை அடித்தளமாக வைத்து வளர்ந்தவை. ஸ்கோபஸ் ஏ.ஐ. 2024 தொடக்கத்தில் வந்தபோது ஸ்கோபஸில் உள்ள கட்டுரைச் சுருக்கங்களை மட்டும் வைத்துத் தொகுத்தது. சுருக்கத்தில் ஆய்வுக்கு எடுத்த மாதிரியின் அளவு இருக்கும். ஆய்வின் குறைகள் பெரும்பாலும் இருக்காது, அவை கடைசிப் பகுதியில் கிடக்கும். தமிழ்நாட்டு மண், பயிர், நோய் பற்றி உள்ளூர் இதழில் வந்தது குளத்திலேயே இல்லாமல் போகலாம். இன்னொரு பக்கம், தரமற்ற இதழ்கள் குளத்தில் இருக்கலாம். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால் இதழின் தரத்தை மாணவர் தானே பார்த்தாக வேண்டும்.

அவர்களுக்கு நான் வைக்கச் சொல்வது மீட்பு அளவுச் சோதனை. காக்ரேன் அமைப்பு வெளியிடுவது மாதிரி, ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் முறைப்படியான மறுஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுங்கள். அதில் "சேர்த்துக்கொண்ட ஆய்வுகள்" என்று பட்டியல் இருக்கும், 18 என்று வைத்துக்கொள்வோம். மறுஆய்வின் கேள்வியை அப்படியே கருவியில் போட்டு வந்த கட்டுரைகளில் எத்தனை இந்த 18க்குள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 7 வந்தால் மீட்பு 39 சதவீதம், மீதி 11 கண்ணில் படவே இல்லை. தவறவிட்டதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்: பழைய ஆண்டுகளா, ஆங்கிலம் அல்லாதவையா, எதிர்மறை முடிவு வந்தவையா? இங்கே ஒரு பொறி உண்டு. கருவி அந்த மறுஆய்வையே கண்டெடுத்து அதிலிருந்து ஒப்பித்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். வந்த பட்டியலில் மறுஆய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்னச் சோதனை. ஒரே கேள்வியை ஐந்து தடவை, ஒவ்வொரு முறையும் புது உரையாடலில், கேட்டு ஐந்திலும் பொதுவாக வந்த கட்டுரைகள் எத்தனை என்று எண்ணுவது. பிறகு கேள்வியைச் சாய்த்துக் கேட்பது: "காபி இதயத்துக்கு நல்லது என்பதற்கு ஆதாரம்?", "காபி இதயத்துக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம்?" இரண்டுக்கும் அதே உறுதியோடு பதில் வந்தால், கருவி உங்கள் ஆசையைத்தான் தேடித் தருகிறது.

மூன்றாம் கேள்வி, பட்டியல். "பரிந்துரை" என்ற சொல்லே வேண்டாம். கருவிக்கு ஒரு பக்கச் சோதனைக் குறிப்பு போடுங்கள்: யார் நடத்துவது, எந்தத் தரவு, எந்த ஆண்டு வரை, முழுக்கட்டுரையா சுருக்கமா, தமிழில் கேட்டால் என்ன ஆகிறது, ஏற்றிய கோப்பு என்ன ஆகிறது, மீட்பு அளவு எவ்வளவு, சோதித்த தேதி. மேலே பெரிதாக "இந்தத் தேதிக்குப் பின் செல்லாது" என்று மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி. இந்தக் கருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறும், போன வருஷக் குறிப்பு இந்த வருஷம் தவறான வழிகாட்டியாகிவிடும். இதாகா எஸ் பிளஸ் ஆர் அமைப்பு உயர்கல்விக்கான ஏ.ஐ. கருவிகளின் கண்காணிப்புப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. என்னென்ன பத்தி வேண்டும் என்று பார்க்க அது நல்ல மாதிரி.

கோப்பு ஏற்றுவது பற்றி வகுப்பில் ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். மத்திய அரசின் ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் இதழ்ச் சந்தாத் திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் வந்த பிறகு மாணவர்கள் கட்டுக்கட்டாகப் பதிவிறக்கி ஏ.ஐ.யில் கொட்டப் பார்க்கிறார்கள். பதிப்பாளருக்குப் பதிப்பாளர் உரிம விதி வேறு, வெளிக் கருவியில் ஏற்றக் கூடாது என்று எழுதியிருப்பவை உண்டு. மொத்தமாக இறக்கினால் பதிப்பாளர் வளாகத்தின் ஐ.பி. முகவரியையே முடக்கிவிடுவார், ஒருவர் செய்ததற்கு எல்லோருக்கும் கதவடைப்பு. களப்பணி நேர்காணல், நோயாளி விவரம், வெளியிடாத இயல் ஆகிய மூன்றும் எந்த இலவசக் கருவிக்குள்ளும் போகக் கூடாது. "பயிற்சிக்குப் பயன்படுத்து" என்ற பொத்தானை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பயிற்சிக்கு எடுக்காமல் இருப்பது வேறு, சேமிக்காமல் இருப்பது வேறு.

---

நான்காம்_மாடி

நாலாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். வாங்காதீர்கள்.

நெறியாளர்களுக்குக் கணக்காகக் காட்டுங்கள். ஓபன் ஏ.ஐ. நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டறியும் கருவி வெளியிட்டது. அவர்களே தந்த அளவு: ஏ.ஐ. எழுத்தில் 26 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும், மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏ.ஐ. என்று சொல்லும். 100 ஆய்வேட்டில் 10 ஏ.ஐ. எழுதியது என்று வையுங்கள். அந்தப் பத்தில் சுமார் 3 பிடிபடும். மீதி 90ல் சுமார் 8 பேர் மாட்டுவார்கள். ஆக, குற்றம் சாட்டப்பட்ட 11 பேரில் 8 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். இன்றைய கருவிகள் அதைவிட மேல் என்று விற்பனையாளர் சொல்வார். சொல்லட்டும், இதே கணக்கை அவருடைய எண்களை வைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நம் மாணவர்களுக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய கருவிகள் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏ.ஐ. என்று தவறாகச் சொன்னதாக 2023ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று காட்டியது. சொல்வளம் குறைவாக, வாக்கியம் எளிதாக இருந்தால் சந்தேகம் விழுகிறது. பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்தான் முதலில் சிக்குவார்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவையுங்கள். யு.ஜி.சி.யின் 2018 எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் வரும் 10, 40, 60 சதவீதம் எல்லாம் பிற எழுத்தோடு உள்ள ஒப்புமைக்கு. ஏ.ஐ. மதிப்பெண்ணுக்கு அந்த விதியில் இடமே இல்லை. அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகி வந்தால் "15 சதவீதம் ஏ.ஐ., பத்தைத் தாண்டிவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காசு இருந்தால் அதில் ஓர் ஆளுக்குப் பயிற்சி கொடுத்துக் குறிப்புதவி மேசையில் உட்காரவையுங்கள். சமர்ப்பிக்கும் முன் நூற்பட்டியலில் ஏதாவது 10 மேற்கோளை எடுத்துச் சரிபார்த்துத் தரட்டும்.

---

புத்தகத்தட்டு

வகுப்பை இப்படிப் பிரித்திருக்கிறேன். முதல் 10 நிமிடம் கேள்வி கேட்பது. ஜோடிக்கு ஐந்து மேற்கோள் என்பதால் 35 நிமிடம் சரிபார்ப்பு. 20 நிமிடம் நான்காவது பத்திக்கு முழுக்கட்டுரை வாசிப்பு. 15 நிமிடம் குறள், புறநானூறு, பி.டி.எஃப். நோட்பேடு சோதனை, கடைசிப் பத்து கோப்பு ஏற்றுவது பற்றி. மீட்பு அளவுச் சோதனையை அறிவியல் துறையினருக்குத் தனி வகுப்பாக வைத்துக்கொள்கிறேன். சரிதானா?

---

குறிப்புதவி_மேசை

35 நிமிடத்தில் ஐந்து முடியாது. ஜோடிக்கு மேற்கோள் 5க்குப் பதில் 4 ஆக்குங்கள், மொத்தம் 80. சதவீதம் போட்டுக்கொள்வது அவர்கள் பாடு. மிச்சமாகும் நேரத்தை நான்காவது பத்திக்குக் கொடுங்கள், அதற்கு 20 நிமிடம் பற்றாது. முழுக்கட்டுரை திறக்காத ஜோடிகளுக்குக் கொடுக்க நான்கைந்து கட்டுரைகளை முன்கூட்டியே அச்செடுத்து, ஏ.ஐ. சொன்ன வாக்கியத்தை மேலே ஒட்டிவையுங்கள். அச்செடுக்கும்போது கட்டுரையின் கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள், ஆய்வின் குறைகளைச் சொல்லும் பகுதி அங்கேதான் இருக்கும்.